இரண்டும் பிளாஸ்டிக்தானே சார்?

(மதுரையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், நெகிழித் தொழிலில் நீண்ட காலம் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்து வரும் முதல் அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் சொக்கும் நேரம். அதனால் பேச்சில் தொடங்காமல் உடைப்பதில் தொடங்குகிறேன். என் கையில் இரண்டு ஸ்கேல்கள் இருக்கின்றன. இரண்டையும் பள்ளிக்கூட வாசல் கடையில்தான் வாங்கினேன். முதலாவது கண்ணாடி மாதிரி இருக்கிறது. துணியில் சுற்றி வளைக்கிறேன். சத்தம் கேட்டதா? இரண்டு துண்டு. இரண்டாவதை வளைக்கிறேன். வட்டமாகவே வளைகிறது. விட்டால் நிமிர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படி உடைந்த ஸ்கேல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுவும் பிளாஸ்டிக், அதுவும் பிளாஸ்டிக்தானே சார்? இது மட்டும் ஏன் உடையுது?"

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெகிழிப் பொருள்களை வார்க்கும் தொழிலில் இருந்தவன். அந்தத் தொழிலின் பெரும்பகுதி, அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்விக்கு விடை தேடுவதுதான். இன்று அந்த விடையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வகுப்பறைக்கு மட்டுமல்ல, நீங்கள் வண்டியில் பள்ளிக்குப் போய் வரும் வழிக்கும் இது வேண்டிய விஷயம்.

கடினம் வேறு, தாங்குவது வேறு

நாம் பேச்சில் கடினம், வலிமை, உறுதி என்ற சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பயன்படுத்துகிறோம். பொருளறிவியலில் இவை தனித்தனி. மேலே கீறல் விழாமல் இருப்பது கடினத்தன்மை. மெதுவாக இழுக்கும்போது அதிக விசையைத் தாங்குவது வலிமை. திடீரென்று ஓர் அடி விழும்போது அந்த ஆற்றலை உள்வாங்கிக்கொண்டு உடையாமல் இருப்பது மூன்றாவது பண்பு. அதை இங்கே 'அடி தாங்கும் தன்மை' என்று சொல்கிறேன்.

கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடினமானதுதான், ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் சிதறிவிடும். பனங்கிழங்கு அவ்வளவு கடினம் இல்லை. அதை ஒடித்துப் பாருங்கள், நார் பிடித்துக்கொள்ளும், கடைசிவரை விடாது. உடைந்த ஸ்கேல் கடலை மிட்டாய் வகை. அது பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற நெகிழியால் செய்யப்படுவது. ஒளி ஊடுருவும், விலை மலிவு, நேராக நிற்கும். அடி மட்டும் தாங்காது.

இதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. நெகிழி என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் குவியல். சேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேகாத சேமியா மொறமொறவென்று ஒடியும். வெந்த சேமியா வளையும், வழுக்கும், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். அறை வெப்பநிலையில் பாலிஸ்டைரீனின் சங்கிலிகள் வேகாத சேமியா நிலையில் உறைந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால்தான் அவை அசையத் தொடங்கும். வாளி செய்யும் பாலிஎத்திலீனின் சங்கிலிகளோ பூச்சியத்துக்கு வெகு கீழேயும் அசையும் நிலையில் இருக்கின்றன. அடி விழும்போது சங்கிலிகள் நகர இடமும் நேரமும் இருந்தால், அந்த ஆற்றல் நகர்வில் செலவாகும். இல்லாவிட்டால் விரிசலில் செலவாகும்.

வெப்பநிலை மாறினால் ஒரே பொருளும் குணம் மாறும். டிபன் பாக்ஸ் மூடி பலவும் பாலிபுரோப்பிலீன். சாதாரணமாகக் கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு நழுவவிட்டால் சில மூடிகள் விரிசல் விடும். ஏறத்தாழ பூச்சியம் டிகிரியை ஒட்டி அதன் சங்கிலிகள் வேகாத சேமியாவாக மாறத் தொடங்குவதுதான் காரணம்.

துணிக்கடைக்காரர் அறிந்த அறிவியல்

விரிசலைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிந்தவர் துணிக்கடைக்காரர். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்த காலத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். துணியை அளந்து, ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் 'சர்'ரென்று ஒரே இழுப்பு. அந்த வெட்டு இல்லாமல் இழுத்தால் துணி கிழியாது. இழுப்பு முழுவதும் அந்த வெட்டின் நுனியில் குவிகிறது. அங்கே ஓர் இழை அறும், அடுத்த இழைக்குச் சுமை போகும், அதுவும் அறும்.

நெகிழியிலும் இதேதான். ஒரு கீறல், ஒரு கூர்மையான உள்மூலை, உள்ளே அகப்பட்ட ஒரு தூசி என எதுவும் அந்தக் கத்தரி வெட்டின் வேலையைச் செய்யும். அதனால்தான் நல்ல வாளியிலும் நாற்காலியிலும் மூலைகள் வளைவாக இருக்கும். அழகுக்கு அல்ல, அடி ஓரிடத்தில் குவியாமல் இருப்பதற்கு.

இந்த அடி தாங்கும் தன்மையை அளக்க ஆய்வகத்தில் ஓர் ஊசல் வைத்திருக்கிறோம். பிரான்சின் சார்பி 1901-இலும், இங்கிலாந்தின் ஐசாட் 1903-இலும் உலோகங்களுக்காக முன்வைத்த முறைகள் இன்று நெகிழிக்கும் பயன்படுகின்றன. மாதிரித் துண்டில் வேண்டுமென்றே ஒரு சிறு வெட்டுப் போட்டு நிறுத்துவார்கள். கனமான ஊசல் குறிப்பிட்ட உயரத்திலிருந்து வந்து அதை உடைத்துவிட்டு மறுபக்கம் ஏறும். உடைப்பதில் எவ்வளவு ஆற்றல் செலவானதோ அந்த அளவுக்கு ஏறும் உயரம் குறையும். இரண்டு உயரங்களின் வேறுபாட்டிலிருந்து கணக்குப் போட்டுவிடலாம். நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதைக் கரும்பலகையில் எழுதும்போது இந்தக் கருவியையும் சொல்லுங்கள். ஊஞ்சலைத் தெரிந்த பிள்ளைக்கு இது உடனே புரியும்.

கொஞ்சம் ரப்பர் போட்டால்

உடையும் பாலிஸ்டைரீனை எப்படித் தாங்க வைப்பது? இரும்பு மாதிரி எதையாவது கலந்து இன்னும் கடினமாக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் செய்தது நேர் எதிர். மிருதுவான ரப்பரைக் கலந்தார்கள்.

நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு ரப்பர் போதும். அது கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்கு வரையான அளவில், பாலிஸ்டைரீனுக்குள் பரவி நிற்கும். அடி விழும்போது ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் மிக மெல்லிய நுண்விரிசல்கள் தோன்றும். அவை முழு விரிசல்கள் அல்ல. இரு கரைகளுக்கு இடையே நெகிழி இழைகள் பாலம் போலப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பெரிய விரிசல் ஓடுவதற்குப் பதிலாக லட்சக்கணக்கான நுண்விரிசல்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அடியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வளர்ந்து வரும் நுண்விரிசலை அடுத்த ரப்பர் உருண்டை நிறுத்துகிறது.

இதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். சில பிளாஸ்டிக் பொருள்களை மடித்தால் மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். உள்ளே தோன்றிய நுண் இடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. அடுத்த முறை ஒரு மாணவன் அதைக் காட்டினால் 'அடியை வாங்கிக்கொண்ட இடம் இது' என்று சொல்லுங்கள்.

ரப்பரை வெறுமனே கலந்தால் மட்டும் போதாது. ரப்பரும் நெகிழியும் வேதிப் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டும். பிடிப்பு இல்லாத உருண்டை வெறும் ஓட்டைக்குச் சமம். இந்த வழியில் இன்னும் முன்னேறி வந்ததுதான் ஏ.பி.எஸ். எனப்படும் நெகிழி. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் கூட்டு அது. நடுவில் உள்ள பியூட்டாடையீன்தான் ரப்பர். பழைய தலைமையாசிரியர் அறைகளில் இருந்த கனத்த கறுப்புத் தொலைபேசி பேக்லைட்டால் ஆனது, கை தவறினால் விரிசல். பின்னால் வந்த வண்ணத் தொலைபேசிகள் ஏ.பி.எஸ். அவை எத்தனை முறை விழுந்தன என்று நமக்கே தெரியும்.

இன்னொரு வழி, சங்கிலியையே தாங்கும் விதமாக அமைப்பது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்சும் தனித்தனியே பாலிகார்பனேட்டை உருவாக்கினார்கள். கண்ணாடி போல் தெளிவு, சுத்தியலடியையும் தாங்கும் தன்மை. வண்டி முகப்பு விளக்கின் மூடியும் தொழிலாளர் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியும் இதனால் ஆனவை. இத்தகைய வேலைக்கு உதவும் பாலிகார்பனேட், நைலான், ஏ.பி.எஸ். போன்றவற்றைத்தான் பொறியியல் நெகிழிகள் என்கிறோம்.

என் தவறு ஒன்று

பாலிகார்பனேட்டைப் பற்றிப் புகழ்ந்துவிட்டு என் தவறைச் சொல்லாமல் போவது நேர்மை அல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மதுரைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இரவுப் பணி. கல் உடைக்கும் தொழிலாளர்கள் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியை வார்த்துக்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதம், அடைமழை. பாலிகார்பனேட் குருணையை வார்ப்பதற்கு முன் 120 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அன்று மின்சாரம் போய்ப் போய் வந்தது. உலர்த்தி பாதியிலேயே நின்றிருந்தது. உருப்படி முடிக்க வேண்டிய அவசரத்தில் 'பரவாயில்லை' என்று குருணையை இயந்திரத்தில் கொட்டச் சொன்னவன் நான்தான்.

கண்ணாடிகள் தெளிவாகவே வந்தன. சிலவற்றில் மட்டும் வெள்ளிக் கம்பி போல மெல்லிய கோடுகள். பார்வைக் குறை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். காலையில் வந்த மூத்த இயந்திரப் பணியாளர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஒண்ண வச்சு அடிச்சுப் பாத்துருவமா?" என்றார். இரும்புக் குண்டைக் குழாய் வழியே போட்டோம். தெறித்துவிட்டது. அடுத்ததும் தெறித்தது. கோடே இல்லாத ஒன்றை வைத்தோம். அதுவும் தெறித்தது.

நடந்தது இதுதான். உருகிய நிலையில் இருந்த பாலிகார்பனேட் சங்கிலிகளை ஈரம் வெட்டிவிட்டது. நீராற்பகுப்பு என்று நீங்கள் பாடத்தில் நடத்துவீர்களே, அதேதான். நீண்ட சேமியா துண்டு துண்டானால் கையில் நிற்காமல் உதிரும் அல்லவா? பெயர் பாலிகார்பனேட்தான், நிறமும் தெளிவும் அப்படியே. அடி தாங்கும் தன்மை மட்டும் போய்விட்டது. அந்த இரவு வார்த்த அத்தனையையும் உடைத்துக் கழிவில் போட்டோம். அந்தப் பணியாளர் அன்று குண்டைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், யாரோ ஒருவர் அதை நம்பிக் கண்ணில் மாட்டிக்கொண்டு கல் உடைத்திருப்பார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். பார்த்தால் தெரியாது, அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. நைலானுக்குக் கதை தலைகீழ். வார்த்து முடித்த புதிய நைலான் உலர்ந்து மொறுமொறுப்பாக இருக்கும். அதைச் சுடுநீரில் போட்டு ஈரம் ஏற விடுவோம். உள்ளே புகுந்த நீர் சங்கிலிகளுக்கு இடையே வழுவழுப்பைத் தந்து பொருளைத் தாங்க வைக்கும். ஒயர் கட்டும் நைலான் பட்டை, கோடையில் திறந்து கிடந்தால் பட்டென்று ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தண்ணீர், ஒன்றைக் கெடுக்கிறது, ஒன்றை வளர்க்கிறது.

திருப்பரங்குன்றத்துச் சாலை

இனி நம் ஊருக்கு வருவோம். கடினமான ஒன்றோடு இளகும் ஒன்றைச் சேர்த்தால் அடி தாங்கும் என்ற இதே கருத்தை, குப்பைப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலையில் நம் மதுரையிலேயே ஒருவர் செய்து காட்டினார். அவர் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றிய இரா. வாசுதேவன்.

சாலை என்பது கருங்கல் ஜல்லியும் தாரும். கல் கடினம்தான், ஆனால் வண்டிச் சக்கரம் திரும்பத் திரும்ப இடிக்கும்போது நொறுங்கும். மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து தாரை உரித்துவிடும். பள்ளம் அங்கேதான் தொடங்குகிறது. வாசுதேவன் செய்தது எளிமையானது. பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்காமல், ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடான ஜல்லியின் மேல் தூவினார். சிறு துண்டுகளாக நறுக்கிய பைகளும் உறைகளும் கோப்பைகளும் அந்தச் சூட்டில் எரியாமல் இளகி, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாகப் படிந்தன. அதன் பிறகு தாரைக் கலந்தார். எண்ணெயிலிருந்து வந்த பிளாஸ்டிக்கும் எண்ணெயிலிருந்து வந்த தாரும் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. இதில் பி.வி.சி. மட்டும் கூடாது. அது சூட்டில் குளோரின் கலந்த நச்சு வாயுவை விடும்.

சாலைப் பொறியாளர்கள் ஜல்லிக்கு ஒரு சோதனை செய்வார்கள். ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ள சம்மட்டியை 38 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 15 முறை ஜல்லியின் மேல் விழவிட்டு, எவ்வளவு தூளாகிறது என்று சலித்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் தோல் போர்த்திய ஜல்லி, வெறும் ஜல்லியைவிடக் குறைவாகவே தூளாகிறது. கல் மாறவில்லை, அதன் மேல் ஒரு மெல்லிய படலம் வந்தது, அவ்வளவுதான்.

2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-இல் கல்லூரி காப்புரிமை பெற்றது. இந்தியச் சாலைப் பேராயம் 2013-இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2018-இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒற்றைத் தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் கழிவு போகிறது, ஏறத்தாழ அதே அளவு தார் மிச்சமாகிறது. சாலை தேயும்போது பிளாஸ்டிக் துகள்கள் மண்ணில் சேருமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்புகிறார்கள். அதையும் மாணவரிடம் சொல்லுங்கள். நல்ல கண்டுபிடிப்பும் கேள்விக்கு உட்பட்டதே என்று அவர்கள் அறியட்டும்.

2019 சனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. நம் பள்ளிகளில் நெகிழி ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். மிகச் சரி. ஆனால் பிள்ளைகளுக்கு அத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் பயன்படும் பையும், பத்து ஆண்டு உயிர் காக்கும் தலைக்கவசமும் ஒன்றல்ல. பொருளில் குற்றம் இல்லை. எதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

உங்கள் தலையில் இருப்பது

தலைக்கவசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது இருசக்கர வண்டியில் வந்திருப்பீர்கள். ஒத்தக்கடை, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று நாலாபுறமும் நான்குவழிச் சாலையைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டி நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரிந்து விழுகிறீர்கள். தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் படுகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வெறும் தலை தார்ச்சாலையில் பட்டு 2 மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 750 மடங்கு. உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும், வந்துவிடும். அதே தலை 2 சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல நின்றால் 75 மடங்கு. பத்தில் ஒரு பங்கு. அந்த 2 சென்டிமீட்டரைத் தருவது தலைக்கவசத்துக்குள் இருக்கும் தெர்மாகோல்.

ஆம், பொம்மைப் பெட்டியில் வரும் அதே பாலிஸ்டைரீன் நுரைதான், அடர்த்தி மட்டும் கூடுதல். வெளி ஓடு ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் அல்லது கண்ணாடி இழையால் ஆனது. ஓர் இடத்தில் விழும் அடியை ஓடு பரப்பிக் கொடுக்கிறது. நுரை நசுங்கி ஆற்றலை விழுங்குகிறது. நசுங்கியது மீண்டு வராது. அதனால் ஒரு பெரிய விழுதலைத் தாங்கிய தலைக்கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. மாற்றிவிடுங்கள்.

சாலையோரத்தில் குவித்து விற்கும் கவசங்கள் சிலவற்றில் நுரைக்குப் பதில் மெத்தைப் பஞ்சும் துணியும்தான் இருக்கும். உள்ளே விரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கி எழுந்தால் அது தொப்பி, கவசம் அல்ல. ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். 2021 சூன் முதல் அது கட்டாயம். பெட்ரோலாலும் தின்னராலும் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட்டிலும் ஏ.பி.எஸ்.ஸிலும் அவை கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். சோப்புத் தண்ணீர் போதும். மதுரை வெயிலில் நாள் முழுவதும் வண்டிக் கண்ணாடியில் தொங்கவிடாதீர்கள், புற ஊதாக்கதிர் சங்கிலிகளை வெட்டும்.

இன்னொன்று. நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் இருசக்கர வண்டியில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. காலையில் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அப்பா தலையில் கவசம் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வெறுந்தலையோடு இறங்கும். அந்தக் கணக்கில் 750 மடங்கு என்று வந்ததே, அது அந்தத் தலைக்கும் பொருந்தும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை.

வகுப்பறையில் செய்ய

மூன்று செயல்பாடுகளைச் சொல்லி முடிக்கிறேன். செலவு ஏதும் இல்லை.

முதலாவது, காகிதப் பட்டைகள் இரண்டு. ஒன்றின் ஓரத்தில் சிறு வெட்டு, மற்றதில் இல்லை. இரண்டு முனையையும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். எது எளிதில் கிழிகிறது, எந்த இடத்தில் கிழிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு வெட்டின் நுனியில் ஒரு சிறு வட்டத் துளை போட்டு மீண்டும் இழுக்கச் சொல்லுங்கள். வளைந்த மூலை ஏன் தேவை என்று அவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது, மண் கட்டிகள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். களிமண்ணில் தீப்பெட்டி அளவுக் கட்டிகள் பத்து. இன்னொரு பத்தில் நறுக்கிய வைக்கோலைப் பிசைந்து சேர்க்க வேண்டும். நான்கைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, எத்தனை உடைந்தன என்று அட்டவணை போடுங்கள். வைக்கோல் சேர்த்துச் சுவர் வைத்த நம் பாட்டன்மார்களும் ஏ.பி.எஸ். செய்தவர்களும் விரிசலை வழிமறிக்கும் ஒரே கருத்தைத்தான் பயன்படுத்தினார்கள்.

மூன்றாவது, பெரிய வகுப்புகளுக்கு. சிறு தக்காளி ஒன்றைத் தெர்மாகோல் துண்டின் மேலும், பலகையின் மேலும் ஒரே உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தெர்மாகோலில் விழுந்த குழியின் ஆழத்தை அளந்து, நான் சொன்ன உயரம் வகுத்தல் ஆழம் என்ற கணக்கைப் போடச் சொல்லுங்கள். எதையாவது உடைத்துப் பார்க்கும்போது துணி சுற்றுவதையும் கண்ணுக்குக் கண்ணாடி போடுவதையும் மறக்க வேண்டாம்.

இதில் ஆர்வம் காட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வழியும் இருக்கிறது. 1968-இல் சென்னை கிண்டியில் தொடங்கிய சிப்பெட் என்ற மத்திய அரசின் நெகிழித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மதுரையிலும் மையம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே பட்டயப் படிப்பில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்று கேட்டு வரும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

மேலூர்ப் பக்கத்து அந்த மாணவிக்கு, இன்று உங்களுக்குச் சொன்னதைச் சுருக்கிச் சொன்னேன். ரப்பர் உருண்டை, நுண்விரிசல் எல்லாம். கவனமாகக் கேட்டாள். பிறகு, "அப்ப ரப்பரை ரொம்பப் போட்டா இன்னும் நல்லாத் தாங்குமா சார்?" என்றாள். தாங்கும், ஆனால் ஸ்கேல் நேராக நிற்காது, கோடு போட முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எவ்வளவு போடணும்னு செஞ்சு செஞ்சுதான் பாக்கணும்" என்றாள். இதற்கு மேல் ஒரு பொறியாளன் சொல்ல என்ன இருக்கிறது?

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் தலைக்கவசத்தைத் திருப்பி, உள்ளே விரலால் அழுத்திப் பாருங்கள். நாளைக் காலை வகுப்பில் அதையே மேசை மேல் வைத்துப் பாடத்தைத் தொடங்குங்கள்.